சாணவாயு அடுப்பிற்குக் குழாய் அமைத்தல்
குழாயின் உள்விட்டமும் வாயுவின் அமுக்கமும் பற்றிக் கமக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

முன்னுரை

மாட்டுப்பட்டியை அடுத்துச் சாணவாயுக் கலனைக் கட்டி, அதிலிருந்து குசினிக்குக் குழாய் இழுத்து, அடுப்பெரிக்கும் கமக்காரர் பலர் கூறும் குறை ஒன்றுண்டு. தேநீர் வைக்கும்போது அடுப்பு நன்றாக எரிகின்றது. நெல் அவிக்கக் கிடாரத்தை ஏற்றினாலோ சுவாலை சோர்ந்துவிடுகின்றது என்பதே அக்குறையாகும். இதற்குச் சாணத்தின்மீதும் கலனைக் கட்டிய மேசன்மீதும் குற்றஞ் சாட்டுவது வழக்கம். கலனிலே வாயு நிறைய இருந்தும் சுவாலை சோருமாயின், பெரும்பாலும் குற்றம் இடையிலுள்ள குழாயிலேயே இருக்கும். குழாய் ஒடுக்கமாயிருக்கலாம், அல்லது அதனுள் நீர் தேங்கியிருக்கலாம்.

குழாயை மண்ணிற் புதைத்த பின்னர் அதனை மாற்றுவது வீண்செலவு. ஆதலால் குழாயை வாங்குமுன் செய்யவேண்டிய சிறு கணக்கினை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவரும் இக்கணக்கைச் செய்துகொள்ளலாம்.

மன்னாரும் எரிவாயுவும்

மன்னார்க் கடற்படுகையில் 2011ஆம் ஆண்டிலே தோண்டப்பட்ட கிணறுகளில் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. ஆயினும் அவ்வாயு குழாய்வழியாக நமது வீடுகளுக்கு வந்து சேரவில்லை. கடையில் வாங்கும் எரிவாயுச் சிலிண்டரையே நம்பியிருந்தோர் 2022ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டின்போது நாடெங்கும் வரிசையில் காத்துநின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

நானாட்டான், முருங்கன், உயிலங்குளம் ஆகிய பகுதிகளிலே கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி நெல் விளைவிப்போரிடம் மாடும் வைக்கோலும் உண்டு. தீவுப் பகுதியில் துரவு நீரை இறைத்து மரக்கறி செய்வோரிடமும் ஓரிரு மாடுகள் உண்டு. இவையே வாயுவுக்கு மூலப்பொருள்கள். இந்தியாவிலே கதர் கிராமத் தொழிற் கமிஷன் 1962 முதல் பரப்பிய மிதக்கும் தொட்டிக் கலனும், 1984இல் அங்கு வெளிவந்த தீனபந்து என்னும் நிலையான குவிமாடக் கலனும் சாணத்தைக் கரைத்து வாயு எடுப்பவை. நமது நாட்டின் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் உருவாக்கிய உலர் முறைக் கலனோ வைக்கோலை ஒருமுறை இட்டு மூடிப் பல மாதங்களுக்கு வாயு பெற உதவுவது. எந்தக் கலனாயினும் குழாயைப் பற்றிய விதிகள் ஒன்றே.

அளவும் வீதமும்

குழாய் அமைப்போர் முதலில் அறியவேண்டியவை இரண்டு. ஒரு நாளில் கிடைக்கும் வாயு எவ்வளவு என்பது ஒன்று. ஒரு மணி நேரத்தில் அடுப்பு உண்ணும் வாயு எவ்வளவு என்பது மற்றொன்று. முன்னையதை அளவு என்றும், பின்னையதை வீதம் என்றும் கொள்வோம். கலனின் பருமனை அளவு தீர்மானிக்கும். குழாயின் உள்விட்டத்தை வீதம் தீர்மானிக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பிழைகள் பல நேர்கின்றன.

அளவு: புதுச் சாணம் 25 கிலோவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கன மீற்றர், அதாவது 1000 லீற்றர், வாயு கிடைக்கும். கட்டிவைத்து வளர்க்கும் பெரிய மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடும். பகலில் மேய்ச்சலுக்குச் சென்று இரவில் பட்டிக்குத் திரும்பும் மாட்டிடமிருந்து அதிற் பாதியே நமக்குக் கிடைக்கும். சமையலுக்கு ஆளொருவருக்கு நாளுக்குக் கால் கன மீற்றர் வாயு வேண்டும்.

வீதம்: சாதாரண வீட்டுச் சாணவாயு அடுப்பு மணிக்கு 0.45 கன மீற்றர் வாயுவை எரிக்கும். நெல் அவிக்கும் அடுப்பிற்கு இது போதாது. ஊறவைத்த 25 கிலோ நெல்லை ஆவியில் அவிப்பதற்கு, அடுப்பின் வெப்பத்திற் பாதி வீணாகும் எனக் கொண்டால், ஏறத்தாழ 1.2 கன மீற்றர் வாயு வேண்டும். அதனைச் சமையலடுப்பில் அவிக்க முயன்றால் இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகும். அவ்வளவு நேரமும் கிடாரத்தின் பக்கங்களால் வெப்பம் வெளியேறுவதால் வாயு மேலும் செலவாகும். ஒரு மணி நேரத்தில் அவித்து முடிக்க விரும்பின், மணிக்கு 1.2 கன மீற்றர் எரிக்கும் அடுப்பு தேவை. ஒரே கிடாரத்தின் கீழ் 0.4 வீதமுள்ள மூன்று சுவாலைத் தலைகளை அமைத்து இதனைப் பெறலாம்.

குழாய்க்குரிய வீதத்தைக் கணிக்கும்போது, ஒரே வேளையில் எரியக்கூடிய அடுப்புகள் அனைத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நெல் அவியும்போதே பக்கத்து அடுப்பிற் கறி கொதிக்குமாயின், 1.2 உடன் 0.45 சேர்ந்து 1.65 கன மீற்றர் ஆகும்.

அமுக்கம் என்பது யாது?

வாயுவைக் குழாய் வழியே தள்ளும் விசையே அமுக்கம். சாணவாயுவின் அமுக்கம் மிகச் சிறியதாகையால் அதனை நீரின் உயரத்தால் அளப்பர். வளைந்த குழாயில் நீரை நிரப்பி ஒரு முனையை வாயுவுடன் பொருத்தினால், மறுபக்கத்து நீர் எத்தனை சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கின்றதோ அத்தனை சென்ரிமீற்றர் நீர் அமுக்கம் எனக் கூறுவர். ஒரு சதுர மீற்றரின் மேல் 10 கிலோ பாரம் அழுத்துவது 1 சென்ரிமீற்றர் நீர் அமுக்கத்திற்குச் சமம்.

மிதக்கும் தொட்டிக் கலனில் அமுக்கத்தைத் தருவது தொட்டியின் பாரமே. தொட்டியின் விட்டம் 1.25 மீற்றரும் பாரம் 100 கிலோவும் எனக் கொள்வோம். அதன் பரப்பு 1.23 சதுர மீற்றர். 100ஐ 1.23ஆற் பிரித்தால் 81. ஆகவே அமுக்கம் 8 சென்ரிமீற்றர். இத்தொட்டியின் மேல் ஒவ்வொரு 12 கிலோ கல்லும் சமமாகப் பரப்பி வைக்கப்படும்போது அமுக்கம் ஒரு சென்ரிமீற்றர் கூடும். கல்லை ஒரு பக்கமாக வைத்தால் தொட்டி சாய்ந்து வாயு வெளியேறும்.

இக்கலனில் வாயு நிறைந்தாலும் குறைந்தாலும் அமுக்கம் ஏறக்குறைய ஒரேயளவில் நிற்கும். நிலையான குவிமாடக் கலனின் தன்மை வேறு. வாயு நிறைந்திருக்கும் காலையில் அமுக்கம் 80, 90 சென்ரிமீற்றர் வரை ஏறவும் கூடும். வாயு தீரத் தீர அது மிகக் குறைந்துவிடும். ஆதலால் குவிமாடக் கலனுடையோர் அமுக்கம் குறைந்திருக்கும் வேளையையே மனத்திற்கொண்டு குழாயைத் தெரிதல் வேண்டும். அமுக்கம் மிகுந்த வேளையில் வால்வைச் சிறிதளவே திறந்து சுவாலையை அடக்கிக்கொள்ளலாம்.

அடுப்பண்டையில் 7 முதல் 10 சென்ரிமீற்றர் வரை அமுக்கம் இருப்பது நன்று. அமுக்கம் குறைந்தால் வாயு குறைவதோடு, ஊசித்துளையினூடாகச் சீறி வரும் வாயு தன்னோடு இழுத்துவரும் காற்றும் குறையும். அமுக்கம் நாலில் ஒன்றாகக் குறையும்போது அடுப்பிற்கு வரும் வாயு பாதியாகக் குறையும்.

குழாய் உண்ணும் அமுக்கம்

குழாயினூடாக வாயு ஓடும்போது அதன் சுவருடன் உராய்ந்து அமுக்கத்திற் சிறிது இழக்கின்றது. இவ்விழப்பைப் பற்றி மூன்று விதிகளை நினைவிற் கொள்ளுங்கள்.

முதலாவது: நீளம் இருமடங்கானால் இழப்பும் இருமடங்காகும்.

இரண்டாவது: வாயுவின் வீதம் இருமடங்கானால், வேகமான ஓட்டத்தில் இழப்பு மூன்று மடங்குக்கு மேலாகும்.

மூன்றாவது: உள்விட்டம் இருமடங்கானால், அதேயளவு இழப்புடன் செல்லக்கூடிய வாயு ஆறு மடங்குக்கு மேலாகும். அரை அங்குலக் குழாய்க்குப் பதிலாக ஒரு அங்குலக் குழாய் இட்டால் இருமடங்கு வாயுவே வரும் எனப் பலர் எண்ணுகின்றனர். குழாயின் வாய்ப்பரப்பே நான்கு மடங்காகின்றது, உராய்வும் குறைகின்றது, எனவே பயன் அதனினும் பெரிது.

கலனிலிருந்து அடுப்பு வரையுள்ள முழுத் தூரத்திலும் 1 சென்ரிமீற்றருக்கு மேல் அமுக்கம் இழக்கப்படலாகாது என்பதை விதியாகக் கொள்ளுங்கள். அவ்விதிப்படி, உட்புறம் வழவழப்பான பி.வி.சி. குழாயில் மணிக்கு எத்தனை கன மீற்றர் சாணவாயுவைக் கொண்டுசெல்லலாம் எனக் கணக்கிட்டுக் கீழே தந்துள்ளோம்.

அரை அங்குலக் குழாய் (உள்விட்டம் 12.5 மில்லிமீற்றர்):
10 மீற்றர் நீளத்திற்கு 0.9, 20 மீற்றருக்கு 0.6, 30 மீற்றருக்கு 0.5, 50 மீற்றருக்கு 0.3.

முக்கால் அங்குலக் குழாய் (உள்விட்டம் 19 மில்லிமீற்றர்):
10 மீற்றர் நீளத்திற்கு 2.9, 20 மீற்றருக்கு 1.9, 30 மீற்றருக்கு 1.5, 50 மீற்றருக்கு 1.1.

ஒரு அங்குலக் குழாய் (உள்விட்டம் 25 மில்லிமீற்றர்):
10 மீற்றர் நீளத்திற்கு 6.0; 20 மீற்றருக்கு 4.0, 30 மீற்றருக்கு 3.3, 50 மீற்றருக்கு 2.4.

இதனைப் பயன்படுத்தும்போது இரு காரியங்களைக் கவனியுங்கள். கடையிற் கூறப்படும் அளவு சிலவேளை குழாயின் வெளிவிட்டமாயிருக்கும். ஆதலால் அளவுகோலைக் குழாய் வாயில் வைத்து உள்விட்டத்தை நீங்களே அளந்து பாருங்கள். மேலும், செங்குத்தாகத் திரும்பும் ஒவ்வொரு எல்போவுக்கும் நீளத்துடன் 1 மீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம்

நானாட்டான் பகுதியிலே நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரவிற் பட்டியில் அடைக்கப்படும் ஆறு மாடுகள் உள. ஒவ்வொன்றும் பட்டியில் இடும் சாணம் 5 கிலோ. மொத்தம் 30 கிலோ. கிடைக்கும் வாயு நாளுக்கு 1.2 கன மீற்றர். சமையலுக்கு 1 கன மீற்றர் போதும். தொட்டி மேலே கூறிய 1.25 மீற்றர் விட்டமுடையது. அமுக்கம் 8 சென்ரிமீற்றர். தொட்டி 1 மீற்றர் உயர்ந்து நிற்கும்போது அதனுள் 1.2 கன மீற்றர் வாயு இருக்கும். இது 25 கிலோ நெல்லை ஒருமுறை அவிக்க வேண்டிய அளவாகும். பட்டி வளவின் பின்புறத்தில் இருப்பதால் குழாய் 45 மீற்றர் நீளமும், ஐந்து எல்போக்களும் வேண்டும். ஆகவே கணக்கிற்குரிய நீளம் 50 மீற்றர்.

இக்குடும்பம் அரை அங்குலக் குழாயைப் பதித்துவிட்டதாகக் கொள்வோம். சமையலடுப்பு ஒன்று மட்டும் எரியும்போது இழப்பு ஏறத்தாழ 1.4 சென்ரிமீற்றர். அடுப்பில் 6½ சென்ரிமீற்றருக்கு மேல் அமுக்கம் எஞ்சுவதால் குறை வெளியே தெரியாது. இனி நெல் அவிக்கும் அடுப்பை மூட்டுகின்றனர். மணிக்கு 1.2 கன மீற்றர் வாயு இக்குழாயினூடாகச் செல்ல வேண்டுமாயின் 7 சென்ரிமீற்றருக்கு மேல் அமுக்கம் இழக்கப்படும். இருப்பதோ 8 சென்ரிமீற்றர். ஆகவே அவ்வளவு வாயு வரமாட்டாது. அடுப்பண்டையில் அமுக்கம் சுமார் 4 சென்ரிமீற்றராக வீழ்ந்து, வாயு மணிக்கு 0.85 கன மீற்றர் அளவிலேயே வரும். ஒரு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாகும். அதே வேளையிற் கறியடுப்பையும் திறந்தால் இரண்டும் சோரும். கலனிலோ வாயு நிறைந்திருக்கும்.

முக்கால் அங்குலக் குழாயாயின், நெல் அடுப்பு மட்டும் எரியும்போது இழப்பு சுமார் 1 சென்ரிமீற்றர். இரு அடுப்புகளும் எரியும்போது 1.7 சென்ரிமீற்றர். ஒரு அங்குலக் குழாயாயின் இரண்டும் சேர்ந்து எரியும்போதும் இழப்பு அரைச் சென்ரிமீற்றரே. இக்குடும்பத்திற்கு ஏற்றது ஒரு அங்குலக் குழாய். பட்டி குசினிக்கு 10 மீற்றர் தொலைவில் இருந்தால் முக்கால் அங்குலக் குழாயே தாராளமாகும். எனவே கலனுக்கு இடந் தெரியும்போதே குழாயின் தூரத்தையும் எண்ணிப்பாருங்கள். ஆயினும் தூரத்தைக் குறைக்கும் பொருட்டுக் குடிநீர்க் கிணற்றை நெருங்குதல் கூடாது. நமது மணற்பாங்கான நிலத்தில் அழுக்கு எளிதில் ஊறும். கிணற்றிலிருந்து 50 அடியேனும் விலகியிருத்தல் வேண்டும்.

இவ்வுதாரணத்தில் மற்றொரு பாடமும் உண்டு. அகன்ற குழாய் வாயுவை உண்டாக்காது. நெல் அவித்த நாளில் தொட்டி காலியாகிவிடும். மீண்டும் நிறைய ஒரு நாள் செல்லும். ஆகவே தொட்டி நிறைந்துள்ள காலை வேளையில் நெல்லை அவித்து, அன்றைய சமையலுக்குப் பனைமட்டையையோ தென்னோலையையோ பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

குழாயினுள் நீர்

கலனிலிருந்து வரும் வாயு வெப்பமும் ஈரமும் உடையது. மண்ணினுள் குளிர்ந்த குழாயிற் செல்லும்போது அவ்வீரம் நீர்த்துளிகளாகப் படியும். குழாய் எங்கேனும் தொய்ந்திருந்தால் அந்நீர் அங்கே தேங்கும். முதலிற் சுவாலை துடிக்கும், பின்னர் அணையும். தொய்ந்த இடத்தில் 8 சென்ரிமீற்றர் ஆழத்திற்கு நீர் நின்று குழாயை அடைத்துவிட்டால், 8 சென்ரிமீற்றர் அமுக்கமுள்ள வாயு அதனைக் கடவாது. குழாய் எவ்வளவு அகலமாயிருந்தும் பயனில்லை.

இதனைத் தவிர்க்கக் குழாயை 1 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் வீதம் ஒரே சீராகச் சரித்துப் பதிக்க வேண்டும். 45 மீற்றர் நீளத்திற்குச் சரிவு 45 சென்ரிமீற்றர். கலனை நோக்கிச் சரித்தால் நீர் கலனுக்கே திரும்பும். நமது நிலம் தட்டையானது. முழு நீளத்திற்கும் ஒரே பக்கமாகச் சரிக்க இயலாவிடின், இரு பக்கமிருந்தும் ஒரு தாழ்ந்த இடத்தை நோக்கிச் சரித்து, அங்கே நீர்ப்பொறி ஒன்றை அமையுங்கள்.

நீர்ப்பொறி அமைப்பது எளிது. தாழ்ந்த இடத்தில் 'டீ' இணைப்பு ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் சிறு குழாயின் முனையை, மூடப்படாத நீர்ப் போத்தலினுள் 30 சென்ரிமீற்றர் ஆழத்திற்கு அமிழ்த்துங்கள். குழாயிற் சேரும் நீர் போத்தலில் வழிந்துவிடும். 8 அல்லது 10 சென்ரிமீற்றர் அமுக்கமுள்ள வாயு 30 சென்ரிமீற்றர் நீரைத் தள்ளிக்கொண்டு வெளியேற மாட்டாது. கோடையிற் போத்தலின் நீர் வற்றினால் வாயு வெளியேறும். ஆதலால் வாரத்திற்கு ஒருமுறை நீரை நிரப்புங்கள். நிலையான குவிமாடக் கலனுக்கு இப்போத்தல் ஆகாது. அதன் உயர்ந்த அமுக்கம் நீரைத் தள்ளிவிடும். அதற்குக் கீழ்முனையில் வால்வு பூட்டி, அவ்வப்போது திறந்து நீரை வடித்தபின் மூடுவதே முறை. போத்தலும் வால்வும் இருக்கும் குழியைச் சீமெந்தாற் கட்டி மூடியிடுங்கள். மாரியில் வெள்ளம் அதனுள் நிறையாதபடி விளிம்பைத் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள்.

குழாயும் கடற்காற்றும்

மன்னாரின் உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். சாணவாயுவிலே அழுகிய முட்டையின் மணமுடைய ஐதரசன் சல்பைட்டும் சிறிதளவு கலந்திருப்பதால், அது உள்ளிருந்தும் உலோகத்தை அரிக்கும். ஆகவே மண்ணினுள் பி.வி.சி. குழாயைப் பயன்படுத்துங்கள். இக்குழாய் வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும். மாடு மிதித்தாலும் வண்டிச் சில்லு ஏறினாலும் வெடிக்கும். ஒன்றரை அடி ஆழத்திற் பதித்து, கீழே மணல் பரப்பி, தொய்வில்லாமல் மட்டம் பார்த்து மூடுங்கள். குசினியினுள் தீயின் அண்மையில் வரும் இறுதித் துண்டு மட்டும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாக இருக்கட்டும். கலனருகே ஒரு வால்வும் அடுப்பருகே ஒரு வால்வும் அவசியம். இரும்புத் தொட்டியுடையோர் அதற்குத் தவறாது வர்ணம் பூசி வருதல் வேண்டும்.

அமுக்கமானியை நீங்களே செய்துகொள்ளலாம்

மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் தெளிந்த குழாயில் ஒரு மீற்றர் துண்டு எடுத்து, நடுவில் வளைத்து ஒரு பலகையில் அறைந்துகொள்ளுங்கள். பாதியளவிற்கு நிறமூட்டிய நீரை ஊற்றுங்கள். நடுவே சென்ரிமீற்றர் அளவுகோலை ஒட்டுங்கள். ஒரு முனையை அடுப்பு வால்வுக்கு முன்னுள்ள சிறு இணைப்புடன் பூட்டுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். இரு நீர்மட்டங்களுக்கும் இடையேயுள்ள முழு வேறுபாடே அமுக்கமாகும். ஒரு பக்கத்தின் ஏற்றத்தை மட்டும் கணித்தல் தவறு. குவிமாடக் கலனுடையோருக்கு இரண்டரை மீற்றர் குழாய் வேண்டும்.

முதலில் அடுப்பை மூடி வைத்து அமுக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் எல்லா அடுப்புகளையும் முழுதாகத் திறந்து எரியவிட்டு மீண்டும் குறியுங்கள். இரண்டிற்குமுள்ள வேறுபாடே குழாய் உண்ணும் அமுக்கம். அடுப்பு மூடியிருக்கையில் 8 சென்ரிமீற்றர் காட்டுவதைக் கண்டு குழாய் நன்று என முடிவுசெய்ய வேண்டாம். வாயு ஓடாதபோது ஒடுக்கமான குழாயும் முழு அமுக்கத்தைக் காட்டும்.

மிதக்கும் தொட்டியை வாயு மானியாகவும் பயன்படுத்தலாம். அதன் பக்கத்தில் சென்ரிமீற்றர்க் கோடுகள் இடுங்கள். 1.25 மீற்றர் விட்டமுடைய தொட்டி 1 சென்ரிமீற்றர் இறங்கினால் 12 லீற்றர் வாயு செலவாயிற்று எனக் கொள்ளலாம். சமையலடுப்பு ஒரு மணி நேரம் எரியும்போது தொட்டி சுமார் 37 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். மிகக் குறைவாக இறங்கினால் அடுப்பிற்கு வாயு போதவில்லை. அடுப்பு மூடியிருக்க இரவில் தொட்டி இறங்கினால் எங்கோ கசிவு உண்டு.

கசிவைச் சோதித்தல்

குழாயை மண்ணால் மூடுமுன் சோதியுங்கள். இரு முனை வால்வுகளையும் மூடி, அமுக்கமானியின் நீர்மட்டத்தைக் கால் மணி நேரம் கவனியுங்கள். மட்டம் தொடர்ந்து இறங்கினால் கசிவு உண்டு. இதனை வெயில் தணிந்த மாலையிலோ அதிகாலையிலோ செய்யுங்கள். மூடிய குழாயினுள் உள்ள வாயுவின் வெப்பநிலை 1 பாகை மாறினாலே நீர்மட்டம் சில சென்ரிமீற்றர் மாறிவிடுமாகையால், நண்பகற் சோதனை உங்களை ஏமாற்றும். கசியும் இடத்தைக் காண ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நீரைத் தடவுங்கள்; குமிழி எழும். தீக்குச்சியைக் கொண்டு கசிவைத் தேடுதல் ஒருபோதும் கூடாது.

அடுப்பின் ஊசித்துளை

சிலிண்டர் வாயு வீட்டடுப்பிற்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீர் அமுக்கத்தில் வருகின்றது. அதன் வெப்பமும் மிகுதி. 1 கன மீற்றர் சாணவாயு தரும் வெப்பத்தை அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைந்த சிலிண்டர் வாயு தந்துவிடும். அதனால் அவ்வடுப்பின் ஊசித்துளை 1 மில்லிமீற்றருக்கும் குறைவானது. சாணவாயுவில் மணிக்கு 0.45 கன மீற்றர் எரிக்கும் அடுப்பிற்கு 8 சென்ரிமீற்றர் அமுக்கத்தில் சுமார் 2¼ மில்லிமீற்றர் துளை வேண்டும். சாணவாயுவுக்கென்றே செய்யப்பட்ட அடுப்பை வாங்குதல் மேல். துளை பெருப்பித்த அடுப்பை மீண்டும் சிலிண்டருடன் ஒருபோதும் பூட்டாதீர்கள். அளவுக்கு மிஞ்சிய வாயு பீறிட்டுத் தீவிபத்து நேரும்.

குறையைக் கண்டறியும் ஒழுங்கு

சுவாலை சோர்ந்தால் இவ்வொழுங்கிற் பாருங்கள்.

1. தொட்டி உயர்ந்து நிற்கின்றதா? இல்லையெனில் வாயுவே குறைவு. சாணத்தின் அளவைக் கவனியுங்கள்.

2. சுவாலை துடிக்கின்றதா? ஆம் எனில் குழாயில் நீர் தேங்கியுள்ளது, நீர்ப்பொறியைப் பாருங்கள்.

3. அடுப்பு மூடியிருக்கும்போதே அமுக்கம் குறைவா? ஆம் எனில் தொட்டியின் பாரம் போதாது, அல்லது கசிவு உண்டு.

4. மூடியிருக்கும்போது நல்ல அமுக்கமும் எரியும்போது குறைந்த அமுக்கமும் காணப்படுகின்றனவா? அப்படியாயின் குழாய் ஒடுக்கம், அல்லது வால்வு முழுதாகத் திறக்கவில்லை.

5. எரியும்போதும் அமுக்கம் நன்றாயிருந்து சுவாலை சிறுத்தோ மஞ்சளாகவோ உள்ளதா? ஊசித்துளையிற் கசடு அடைத்திருக்கும், அல்லது காற்று வரும் துளை மூடியிருக்கும்.

நான்காவது குறையாயின் தொட்டியின் மேற் கல்லேற்றிச் சமாளிக்கப் பலர் முயல்வர். 12 கிலோவுக்கு ஒரு சென்ரிமீற்றரே கூடுமாகையால் இது சிறிதே பயன்தரும். குழாயை மாற்றுவதே தீர்வு. முழுவதையும் மாற்ற வசதியில்லையெனில், நீண்ட பகுதியை மட்டும் அகன்ற குழாயாக மாற்றினாலும் பெரும்பயன் உண்டு.

எச்சரிக்கைகள்

புதிதாக மூடிய கலனில் முதலில் வரும் வாயு காற்றுடன் கலந்திருக்கும். தொட்டி முதன்முறை நிறைந்ததும், அருகே தீ இல்லாதபடி பார்த்து, அதனைத் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். அதனைக் கொளுத்தினால் சுவாலை குழாயினுள் ஓடிக் கலன் வெடிக்கலாம்.

கலனைத் துப்புரவு செய்ய எவரும் அதனுள் இறங்கலாகாது. உள்ளே காற்றில்லாமையாலும் நச்சு வாயுவாலும் இறங்கியவர் மயங்கி விழுவர். அவரைத் தூக்க இறங்குபவரும் மடிவர். ஐதரசன் சல்பைட்டு மிகுந்தவிடத்து அதன் மணமே தெரியாது போகும். எனவே மூக்கை நம்பாதீர்கள். வேலையைக் கயிறும் வாளியும் கொண்டு வெளியில் நின்றே செய்யுங்கள். இயலாவிடின் பயிற்சியும் கருவிகளும் உடையோரை அழையுங்கள்.

குசினியிலே சாளரமும், கூரையடியிற் காற்றுப்போக்கியும் இருத்தல் வேண்டும். அழுகிய முட்டையின் மணம் வந்தால் வால்வை மூடி, சாளரங்களைத் திறந்து, தீயையும் மின் ஆளியையும் தொடாது வெளியேறுங்கள்.

நெல் அவிக்கும் கிடாரத்தின் அல்லது பரலின் மூடியை இறுகப் பூட்டாதீர்கள். ஆவி வெளியேற வழியிருத்தல் வேண்டும். ஆவி அடைபட்ட பாத்திரம் வெடிகுண்டுக்கு ஒப்பாகும்.

முடிவுரை

குழாய் வாங்கச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஒரே வேளையில் எரியும் அடுப்புகளின் மொத்த வீதம், எல்போக்களையும் கூட்டிய நீளம், கலனின் அமுக்கம், மேலே தந்த கணக்கின்படி வேண்டிய உள்விட்டம். கணக்கு இரு அளவுகளுக்கு இடையே வந்து நின்றால் பெரியதையே தெரிந்துகொள்ளுங்கள். ஐயம் ஏற்படின் அத்தாளுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காணுங்கள்.

கலனைவிட்டு வெளிவரும் சாணக்கரைசல் வயலுக்கும் தோட்டத்திற்கும் நல்ல எருவாகும். எரிந்தது போக எருவும் மிஞ்சும் இவ்வரிய பொருளை, குழாயில் ஓர் அங்குலத்தை மிச்சம்பிடிக்கப் போய் வீணாக்காதீர்கள். பெரும்போக அறுவடை முடிந்து, நிலம் காய்ந்திருக்கும் காலமே குழாய் பதிக்க ஏற்ற காலமாகும். அளந்து, சரிவு பார்த்து, சோதித்தபின் மூடுங்கள்.